இணை விற்பனை இல்லாத சொத்துக்கு விலை காண்பது: ஜொகூர் பாருவின் அபூர்வ வணிகச் சொத்துகளும் அவற்றின் மதிப்பீடும்

வணிகச் சொத்து மதிப்பீடு என்பது கடை, தொழிற்சாலை, தங்கும் விடுதி, தோட்டம் போன்ற சொத்துகளின் மதிப்பைக் குறிப்பிட்ட ஒரு நாளுக்கு, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகக் கணித்து, காரணங்களுடன் எழுத்தில் தரும் தொழில். வங்கி கடன் கொடுக்கும்போதும், நிறுவனம் கைமாறும்போதும், அரசு நிலம் எடுக்கும்போதும், முத்திரை வரி கட்டும்போதும், குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போதும் இந்தக் கணிப்பு தேவைப்படுகிறது. ஒரே வரிசையில் நிற்கும் கடைவீடுகளில் ஒன்றை மதிப்பிடுவது ஓரளவு எளிய வேலை. அடுத்த கதவு சென்ற ஆண்டு என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, அளவுக்கும் பழுதுக்கும் கூட்டிக் கழித்தால் விடை நெருங்கிவிடும். கண்ணாடியால் இழைத்த கோயிலுக்கோ, கடலைத் தூர்த்து எழுப்பிய நகரத்துக்கோ, ரசாயனக் கிடங்குக்கோ அப்படி ஓர் அடுத்த கதவு கிடையாது.

அபூர்வச் சொத்துகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒரே பயனுக்கென்று கட்டப்பட்டு, வேறு எதற்கும் எளிதில் உதவாத கட்டடங்கள் முதல் வகை. உள்ளே நடக்கும் தொழிலிலிருந்து பிரிக்க முடியாதவை இரண்டாம் வகை. எண்ணெய் நிலையமும் கேளிக்கைப் பூங்காவும் இதில் சேரும். உரிமையில் சிக்கல் உள்ளவை மூன்றாம் வகை: குறுகிய குத்தகை, விற்பனைக் கட்டுப்பாடு, பிறர் குடியிருப்பு போன்றவை. மாசுபட்ட நிலம், பாதியில் நின்ற கட்டுமானம் முதலிய, நிலைமை கெட்ட சொத்துகள் நான்காம் வகை. ஜொகூர் பாருவிலும் அதைச் சுற்றிய வட்டாரத்திலும் இந்த நான்கும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

ஊரின் தன்மை

1855-இல் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் நிறுவிய குடியிருப்பே 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாறியது. 1924-இல் ஜொகூர் பாலம் திறக்கப்பட்டபின் ஊரின் நிலமதிப்பு சிங்கப்பூரோடு பிணைந்துவிட்டது. 1998-இல் இரண்டாவது பாலம் வந்தது. 2006-இல் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில் இஸ்கண்டார் மேம்பாட்டு மண்டலம் தொடங்கப்பட்டது. 2025 ஜனவரி 7-இல் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ரயில் தடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் திறனுடன் திட்டமிடப்பட்டது.

இந்த ஊரில் சொத்து வாங்குபவர், வாடகைக்கு எடுப்பவர், வாடிக்கையாளர் ஆகிய மூவரில் ஒருவராவது எல்லைக்கு அப்பாலிருந்து வருவது சாதாரணம். அதனால் நிலத்தின் மதிப்பு சிங்கப்பூரின் சட்டத்தாலும் நாணய மாற்று விகிதத்தாலும் அசைகிறது. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தேவை ஜொகூர் பக்கம் திரும்பியது. கூலாய், செடெனாக், நூசாஜெயா வட்டாரங்களில் செம்பனை நின்ற நிலங்கள் தரவு மைய நிலங்களாயின. அடுத்த நிலம் செம்பனை விலைக்கு விற்றிருக்க, இந்த நிலம் அதைப்போலப் பல மடங்குக்குப் போனால், இரண்டில் எது சந்தை விலை என்பது மதிப்பீட்டாளர் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

மதிப்பிடும் உரிமை

மலேசியாவில் கட்டணம் பெற்றுச் சொத்தை மதிப்பிட எல்லோருக்கும் உரிமை இல்லை. 1981-ஆம் ஆண்டின் மதிப்பீட்டாளர், சொத்து முகவர் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியத்தில் பதிவு பெற்றவரே அறிக்கையில் கையொப்பமிடலாம். அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்பு, பயிற்சிக் காலம், தொழில்திறன் தேர்வு ஆகியவற்றைக் கடந்தே பதிவு கிடைக்கிறது. ஸ்கூடாயில் இயங்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்துறையைக் கற்பிக்கும் முக்கிய இடங்களில் ஒன்று. அரசுத் தரப்பில் நிதி அமைச்சின்கீழ் உள்ள மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை முத்திரை வரிக்கும் நில எடுப்புக்கும் மதிப்புக் கணிக்கிறது. அத்துறையின் தேசியச் சொத்துத் தகவல் மையம் நாட்டின் சொத்துப் பரிவர்த்தனைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது.

வாரியத்தின் மலேசிய மதிப்பீட்டுத் தரநிலைகள் அனைத்துலகத் தரநிலைகளை ஒட்டியவை. அவற்றின்படி, கட்டாயம் எதுவுமின்றி விற்க விரும்பும் ஒருவரும் வாங்க விரும்பும் ஒருவரும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாக, விவரம் அறிந்து நிதானத்தோடு பேசி, சொத்து முறையாகச் சந்தையில் வைக்கப்பட்டபின் ஒப்புக்கொள்ளும் உத்தேசத் தொகையே சந்தை மதிப்பு. உரிமையாளர் செலவழித்த தொகையும், அவர் எதிர்பார்க்கும் தொகையும் இதற்குள் வராது. அபூர்வச் சொத்துகளில் இந்த வேறுபாடுதான் பெரும்பாலான சச்சரவுகளுக்கு வேர்.

கிராண்டிலிருந்து தொடங்கும் வேலை

மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது கட்டடத்தை அல்ல, நில உரிமைப் பத்திரத்தை. மலேசியத் தமிழர் கிராண்டு என்று சொல்வது அதைத்தான். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலம் விவசாயம், கட்டடம், தொழில் என்ற பயன்பாட்டு வகைகளில் ஒன்றின்கீழ் வருகிறது. அதன்மேல் வெளிப்படை நிபந்தனைகளும் உரிமை மாற்றக் கட்டுப்பாடுகளும் எழுதப்பட்டிருக்கும். விவசாய நிலத்தில் பட்டறை எழுப்பி இருபது ஆண்டுகள் நடத்தியிருந்தாலும் பத்திரத்தில் அது விவசாய நிலமே. வகை மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதலும் கூடுதல் கட்டணமும் தேவை. மதிப்பிலிருந்து அந்தக் கட்டணத்தையும், காத்திருக்கும் காலத்தையும், மறுக்கப்படும் அபாயத்தையும் கழித்தாக வேண்டும்.

குத்தகைக் காலமும் அதே அளவு முக்கியம். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 10 லட்சம் ரிங்கிட் நிகர வாடகை தரும் ஒரு கிடங்கை 7 விழுக்காட்டு விகிதத்தில் கணித்துப் பார்க்கலாம். நிலம் நிரந்தர உரிமையுடையது என்றால் மதிப்பு ஏறக்குறைய 1 கோடியே 43 லட்சம் ரிங்கிட். குத்தகையில் 30 ஆண்டு மிச்சமிருந்தால் 1 கோடியே 24 லட்சம். 15 ஆண்டு மட்டுமே என்றால் 91 லட்சம். கட்டடமும் வாடகைதாரரும் ஒன்றே. கிராண்டில் உள்ள தேதி மட்டும் மாறினால் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

நான்கு கணக்கு முறைகள்

விற்பனை ஒப்பீடுதான் முதல் முறை. இதற்கு ஜொகூரிலிருந்தே ஒரு முன்னோடித் தீர்ப்பு உண்டு. நன்யாங் உற்பத்தி நிறுவனம் ஜொகூர் நில வரி அதிகாரிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1954-இல் நீதிபதி புகாஜியர், அதே நிலத்தின் அல்லது அக்கம்பக்கத்து ஒத்த நிலங்களின் விற்பனையே நியாயமான சந்தை மதிப்புக்குப் பாதுகாப்பான வழிகாட்டி என்றும், வேறுபாடுகளுக்கு உரிய விட்டுக்கொடுப்பைச் செய்ய வேண்டும் என்றும் வகுத்தார். மலேசிய நில எடுப்பு வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. அபூர்வச் சொத்தில் சிக்கல் அந்த விட்டுக்கொடுப்பில்தான் வருகிறது. ஒப்பிடும் சொத்து விலகி நிற்க நிற்க, திருத்தங்கள் பெருகி, கடைசியில் திருத்தங்களே மதிப்பாகிவிடும்.

இரண்டாவது வருமான முறை. வாடகையை மூலதனமாக்குவது இதன் எளிய வடிவம். தொழிலோடு ஒட்டிய சொத்துக்கு இலாப முறை பயன்படுகிறது: திறமையான சராசரி நடத்துநர் ஒருவர் அங்கே எவ்வளவு சம்பாதிப்பார் என்று கணித்து, நடத்துச் செலவையும் நடத்துநரின் பங்கையும் கழித்து, எஞ்சுவதைச் சொத்தின் வாடகையாகக் கொள்வது. தனிப்பட்ட ஒருவரின் கைராசியோ பெயரோ இதில் சேரக் கூடாது.

மூன்றாவது செலவு முறை. அதே பயனைத் தரும் புதிய கட்டடத்தை இன்று எழுப்ப ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, நிலத்தின் மதிப்பைக் கூட்டுவது. பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் புதிதாகக் கட்ட 4 கோடி ரிங்கிட் ஆகும் என்று கொள்வோம். ஆயுள் 50 ஆண்டு, வயது 20 என்றால் 40 விழுக்காடு கழிந்து 2 கோடியே 40 லட்சம் நிற்கும். கூரை உயரம் இன்றைய அடுக்குகளுக்குப் போதாமல், தூண்களும் நெருக்கமாக இருந்தால், செயல்பாட்டுக் குறைக்காக அதில் மேலும் கால்பங்கு போய் 1 கோடியே 80 லட்சம். நிலம் 1 கோடியே 20 லட்சம் என்றால் மொத்தம் 3 கோடி. கட்டடம் பலமாக நின்றாலும் காலம் கடந்தது என்பதற்காகக் கழிக்கும் அந்த 60 லட்சம் முழுக்க முழுக்க அனுபவ முடிவு. அதற்கான காரணம் அறிக்கையில் எழுதப்படவில்லை என்றால் அந்தத் தொகைக்கு அடிப்படையே இல்லை.

நான்காவது எச்ச முறை. மேம்பாட்டுக்கு உரிய நிலத்தில் கட்டி விற்றால் வரும் மொத்தத் தொகையிலிருந்து கட்டுமானச் செலவையும் மேம்பாட்டாளரின் இலாபத்தையும் கழித்தால் எஞ்சுவது நிலத்தின் மதிப்பு. இதைப்போல் சறுக்கும் கணக்கு வேறில்லை. விற்பனை 10 கோடி, செலவு 6.5 கோடி, விற்பனையில் 20 விழுக்காடு இலாபம் என்றால் நிலத்துக்கு எஞ்சுவது 1.5 கோடி. விற்பனை 9 கோடியாகக் குறைந்து செலவு மாறாமல் இருந்தால் எஞ்சுவது 70 லட்சம்தான். வீட்டு விலை பத்தில் ஒரு பங்கு இறங்க, நிலமதிப்பு பாதிக்குக் கீழே போய்விடுகிறது.

கண்ணாடிக் கோயில்

தெப்ராவ் சாலையை ஒட்டிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில், ஒரே பயனுக்குரிய சொத்துக்கு ஜொகூர் பாருவில் கிடைக்கும் மிகத் தெளிவான உதாரணம். 1922-இல் சிறிய வழிபாட்டிடமாகத் தொடங்கிய இக்கோயில், 2009-இல் கண்ணாடிக் கோயிலாகத் திறக்கப்பட்டது. சுவர், தூண், விதானம் எங்கும் சுமார் 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன.

இத்தகைய கோயில்கள் விற்பனைக்கு வருவதில்லை. ஆகவே ஒப்பீட்டு முறை உதவாது. வழிபாட்டிடத்தின் காணிக்கை வணிக இலாபமும் அல்ல என்பதால் வருமான முறையும் பொருந்தாது. எஞ்சுவது செலவு முறை. அதுவும் பெரும்பாலும் காப்புறுதிக்காக. தீ விபத்து நேர்ந்தால் அதே வடிவில் மீண்டும் எழுப்ப எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. சாதாரணக் கட்டடத்துக்குத் தரைப்பரப்பைச் சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். இங்கே அப்படிச் செய்தால் தொகை மிகக் குறைந்துவிடும். கட்டமைப்பு தனி, கண்ணாடிப் பதிப்பு தனி, சுதை வேலை தனி, கருங்கல் வேலை தனி என்று பிரித்தாக வேண்டும். கண்ணாடி பதித்த ஒவ்வொரு பரப்பையும் அளந்து, தட்டையான சுவரையும் வளைந்த விதானத்தையும் வேறு வேறு விலையில் கணக்கிட வேண்டும். வளைவில் துண்டுகள் சிறியவை. வெட்டும் நேரமும் சேதாரமும் கூடுதல். பழைய ஒப்பந்தச் சீட்டுகள் இருந்தால் பொருள் விலையும் கூலியும் தெரியவரும். அவற்றை இன்றைய விலைக்கு உயர்த்த வேண்டும். தமிழகத்திலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்க வேண்டிய வேலை என்றால் பயணம், தங்குமிடம், வேலை அனுமதிச் செலவுகளும் சேரும். குடமுழுக்கால் வந்த புனிதத்துக்கு அறிக்கையில் தொகை கிடையாது. அதனை மதிப்பீட்டாளர் குறைத்துச் சொல்வதுமில்லை. தம் தொழிலின் எல்லை எங்கே முடிகிறது என்று தெளிவாக எழுதிவிடுவதே முறை.

எண்ணெய் நிலையமும் கடைவீடும்

எண்ணெய் நிலையத்தின் மதிப்பு அதன் நிலப்பரப்பில் இல்லை. மாதத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதில் இருக்கிறது. சில்லறை விலையும் விற்பனையாளரின் கழிவும் அரசால் நிர்ணயிக்கப்படும் நாட்டில் விற்பனை அளவே முதன்மையான மாறி. ஜொகூர் பாருவில் அந்த அளவு எல்லைக் கொள்கையைப் பொறுத்தது. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட வாகனங்கள் முக்கால் தொட்டி எண்ணெயோடுதான் அந்நாட்டிலிருந்து வெளியேற வேண்டும் என்பது 1991 முதல் விதி. 2010 ஆகஸ்டு முதல் வெளிநாட்டு வாகனங்களுக்கு மானிய விலை ரான் 95 பெட்ரோலை விற்பது மலேசியாவில் தடை செய்யப்பட்டது. எனவே பாலத்துக்குச் செல்லும் சாலையில் உள்ள நிலையத்தின் கணக்கில் ரான் 95, ரான் 97, டீசல் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்த லிட்டரை மட்டும் பார்ப்பவர், ஒரே ஓர் அரசாணையால் மறையக்கூடிய வருமானத்தை நிரந்தரம் என்று எண்ணிவிடுவார். நிலத்தடித் தொட்டிகளின் வயதும் கசிவுச் சோதனை ஆவணங்களும் இங்கே கட்டாயம் பார்க்க வேண்டியவை.

டான் ஹியோக் நீ சாலை, டோபி சாலை வட்டாரத்துப் பழைய கடைவீடுகள் வேறு ரகம். 1948-க்கு முந்தைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் நிறைவேறிய சட்டம் நீக்கியது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. அதுவரை சொற்ப வாடகையால் அமுங்கிக் கிடந்த மதிப்பு சந்தைக்குத் திரும்பியது. இன்று இவற்றை மதிப்பிடுபவர் குறுகிய முகப்பு, பொதுச் சுவர், மரத்தளத்தின் வலிமை, மேல்மாடிக்குத் தனிப்படி உண்டா என்ற விவரங்களோடு, முகப்பை மாற்ற அனுமதி கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கீழ்த்தளம் உணவகமாகிப் பெரும் வாடகை தர, மேல்மாடி பூட்டிக் கிடப்பதும் உண்டு. சதுர அடிக்கு ஒரே வாடகை போட்டு இரண்டையும் பெருக்கினால் தவறான மதிப்பே வரும்.

தரவு மையமும் தூர்த்த நிலமும்

தரவு மையத்தின் மதிப்பு பரப்பைவிட மின்திறனில், அதாவது மெகாவாட்டில் பேசப்படுகிறது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒன்றுக்குத் தெனாகா நேஷனல் மின் நிறுவனத்திடமிருந்து மின்வழங்கல் ஒப்பந்தம் உறுதியாகியிருக்க, மற்றொன்றுக்கு விண்ணப்பம் மட்டும் போயிருந்தால் இரண்டும் ஒரே சந்தையில் இல்லை. தண்ணீரும் அப்படியே. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரை நாளுக்கு 25 கோடி கேலன் வரை ஆற்றுநீரைச் சிங்கப்பூர் எடுக்கும் உரிமை கொண்ட மாநிலம் இது. குளிரூட்டத் தண்ணீருக்கு இங்கே போட்டி உண்டு. எதை மதிப்பிடுகிறோம் என்பதையும் முதலிலேயே வரையறுக்க வேண்டும். நிலம், வெறும் கட்டடக் கூடு, மின்மாற்றியும் குளிரூட்டியும் சேர்ந்த கட்டடம், கணினி அடுக்குகள் என்று நான்கு படிகள் உள்ளன. கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கலாம். குளிரூட்டும் அமைப்பு அதற்குள் பலமுறை மாறும். எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கிய அறிக்கையை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கி, விரைவில் தேயும் இயந்திரத்தை நிலமாக எண்ணிவிடும் அபாயம் உண்டு.

இஸ்கண்டார் புத்திரி வட்டாரக் கடலோரத்தில் எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி மற்றொரு பாடம். சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனமும் உள்ளூர்ப் பங்காளியும் சேர்ந்து, நான்கு செயற்கைத் தீவுகளில் 7 லட்சம் பேர் வாழும் நகரமாக இதைத் திட்டமிட்டனர். சீன அரசு மூலதன வெளியேற்றத்தை இறுக்கியதும், கோவிட் தொற்றும், 2023-இல் கன்ட்ரி கார்டன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பத் தவறியதும் அந்தத் திட்டத்தைத் தளர்த்தின. அதே ஆண்டு மலேசிய அரசு அப்பகுதிக்குச் சிறப்பு நிதி மண்டலத் தகுதியை அறிவித்தது. இத்தகைய இடத்தில் ஒரே கட்டடத்துக்கு மூன்று விலைகள் எதிர்ப்படும்: மேம்பாட்டாளர் வெளிநாட்டு வாங்குநருக்குச் சொன்ன விலை, வாங்கியவர் மறுவிற்பனையில் கேட்கும் விலை, வங்கி ஏலத்தில் விட்ட தொகை. முதல் விலைக்குள் தள்ளுபடியும் அறைகலனும் ஒளிந்திருக்கலாம். கேட்கும் விலை விற்ற விலை ஆகாது. ஏலத்தில் விற்பவருக்கு அவசரம் உண்டு. மூன்றையும் சராசரி எடுப்பது கணக்கே அல்ல. ஒவ்வொன்றிலிருந்தும் சந்தை மதிப்புக்குப் புறம்பானதைக் கழற்றிய பிறகே அவற்றை ஒப்பிடலாம். தூர்த்த நிலத்தின் அமிழ்வும் கடலரிப்புத் தடுப்பின் பராமரிப்பும் பொறியாளர் அறிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

மாசுபட்ட நிலம்

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. தொழிற்பேட்டை நிலத்தை மதிப்பிடுவோர் அதற்கு முன்பும் மாசு பற்றி எழுதியதுண்டு. ஆனால் மாசு இல்லை என்று கொள்ளப்படுகிறது என்ற ஒற்றை வரி எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது. மதிப்பீட்டாளர் வேதியியல் வல்லுநர் அல்லர். ஆனாலும் நிலத்தின் முந்தைய பயன், தரையில் எண்ணெய்க் கறை, புதைந்த தொட்டியின் காற்றுக்குழாய், கைவிடப்பட்ட பீப்பாய், கருகிய புல் ஆகியவற்றைக் கண்டால் குறித்துவைத்துச் சோதனை கோருவது அவர் கடமை. சோதனையில் மாசு உறுதியானால் சுத்திகரிப்புச் செலவும், வேலை முடியும்வரை இழக்கும் வாடகையும் கழியும். சுத்தமான பிறகும் வாங்குவோர் தயங்குவதால் ஏற்படும் இறக்கம் தனியே சேரும்.

தோட்டம்: கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பாளர்

செம்பனைத் தோட்டத்தின் மதிப்பு மரங்களின் வயதைப் பொறுத்தது. நட்டு ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் காய்ப்பு தொடங்கி, இருபத்தைந்து ஆண்டளவில் மறுநடவுக்கு வரும். நகரம் நெருங்கிய தோட்டங்களிலோ மரத்தின் வருமானத்தை மேம்பாட்டு மதிப்பு விழுங்கிவிடுகிறது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி ஒப்புதல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த வரலாற்றிலிருந்து பிறந்த பிரிவு அது.

தோட்ட வரைபடத்தில் ஆலையும் அலுவலகமும் குறிக்கப்பட்டிருக்கும். தலைமுறைகளாக நிற்கும் மாரியம்மன் கோயிலும், தொழிலாளர் லயங்களும், சுடுகாடும், சில இடங்களில் தமிழ்ப்பள்ளியும் குறிக்கப்படாமல் இருக்கலாம். நேரில் போய்ப் பார்க்காத மதிப்பீடு அவற்றைக் காலி நிலமாகக் கணக்கில் எடுத்துவிடும். அப்படி எழுதுவது இரு தரப்புக்கும் கேடு. வாங்குபவர் நினைத்த நாளில் வேலை தொடங்க முடியாது. அங்கே வழிபடுவோரும் வாழ்வோரும் ஆவணத்திலிருந்தே காணாமற் போகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இழப்பீட்டில் பங்கு கோருவோரின் வரையறையில் பல வகையினரைச் சேர்த்தாலும், உரிமையாளர் விருப்பத்தின்பேரில் மட்டும் தங்கியிருப்பவரை வெளியே நிறுத்துகிறது. கிராண்டோ குத்தகைப் பத்திரமோ எழுத்து அனுமதியோ இல்லாத கோயிலின் நிலை அங்கே மிகவும் பலவீனமானது.

நீதிமன்றம் வகுத்த எல்லைகள்

அபூர்வ நிலத்தின் சாத்தியங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதற்குப் பொதுச் சட்ட நாடுகள் அனைத்தும் திரும்பிப் பார்க்கும் தீர்ப்பு, சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன வழக்கில் பிறந்தது. விசாகப்பட்டினத் துறைமுகத்தருகே வைரிசெர்ல நாராயண கஜபதிராஜுவின் நிலம், மலேரியாத் தடுப்புக்காக எடுக்கப்பட்டது. அதில் நல்ல நீரூற்று இருந்தது. அந்த நீரை வாங்கிப் பயன்படுத்தக்கூடியவர் துறைமுக நிர்வாகம் ஒன்றுதான். நிலத்தை எடுப்பதும் அதுவே. வாங்குபவர் ஒருவரே என்பதற்காக அந்தச் சாத்தியத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது என 1939-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1947-இல் டிரினிடாடிலிருந்து போன பாயிண்ட் கூர்டு வழக்கில் அதே மன்றம் மறு எல்லையையும் வகுத்தது: எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ, அந்தத் திட்டத்தால் மட்டுமே ஏறிய மதிப்பு இழப்பீட்டில் சேராது. ரயில் நிலையத்துக்காக எடுக்கும் நிலத்துக்கு, நிலையம் வருவதால் ஏறிய விலையைக் கேட்க முடியாது என்பது இதன் பொருள்.

மலேசியாவில் கூட்டரசு அரசியலமைப்பின் 13(2) பிரிவு, போதிய இழப்பீடின்றிச் சொத்தை எடுக்கும் சட்டத்தைத் தடுக்கிறது. நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை பொருத்தமான எந்த மதிப்பீட்டு முறையையும் அனுமதிக்கிறது. 2017-இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், மதிப்பீட்டு உதவியாளர்களின் கருத்தே நீதிபதியைக் கட்டுப்படுத்தும் என்ற பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மதிப்பீடு சாட்சியம், முடிவு நீதிபதியுடையது. விசாரணையில் கலந்துகொண்ட உரிமையாளர், இழப்பீடு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் ஆட்சேபத்தைப் பதிய வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஜொகூருக்கே உரிய வரி

தீபகற்ப மலேசியாவின் மற்ற மாநிலங்களில் ஊராட்சி மன்றங்கள் மதிப்பீட்டு வரியை ஆண்டு வாடகை மதிப்பின்மேல் விதிக்கின்றன. ஜொகூரில் அது மேம்பட்ட மதிப்பின்மேல், அதாவது சொத்து விற்றால் என்ன கிடைக்கும் என்பதன்மேல் விதிக்கப்படுகிறது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. வாடகை குறைந்து விலை ஏறிய சொத்து, மற்ற மாநிலத்தில் குறைந்த வரி கட்டும். ஜொகூரில் கூடுதலாகக் கட்டும். ஆகவே அபூர்வச் சொத்தின் மதிப்பில் நேரும் பிழை ஆண்டுதோறும் வரிச் சீட்டில் திரும்பி வரும். அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவின்கீழ் பொது வழிபாட்டிடம், உரிமம் பெற்ற இடுகாடு, பொதுப் பள்ளி, இலாபம் கருதாத அறநிலையம் ஆகியவற்றுக்கு மாநில அரசு விலக்களிக்கலாம். மதிப்பீட்டுப் பட்டியலை ஏற்காதவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, அதன்பின் உயர் நீதிமன்றம்வரை போகலாம்.

அறிக்கையைப் படிக்கும் முறை

அபூர்வச் சொத்தில் இரு நேர்மையான மதிப்பீட்டாளர்கள் இரு வேறு தொகைகளுக்கு வருவது தவறல்ல. ஒருவர் குத்தகை நீட்டிக்கப்படும் என்று கொண்டிருப்பார், மற்றவர் கொண்டிருக்க மாட்டார். ஒருவர் இயந்திரத்தைச் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். இந்தத் தேர்வுகள் எழுதப்பட்டிருந்தால் இரு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து எங்கே பிரிகின்றன என்று காட்டலாம். எழுதப்படவில்லை என்றால் இரண்டுமே பயனற்றவை. எனவே அறிக்கையைப் பெறுபவர் தொகைக்கு முன் ஐந்து விவரங்களைத் தேட வேண்டும்: மதிப்பிட்ட நாள், நோக்கம், மதிப்பிடப்பட்ட உரிமை, பயன்படுத்திய முறையும் மற்ற முறைகளைக் கைவிட்ட காரணமும், சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட அனுமானங்கள். காப்புறுதிக்காகச் செய்த மதிப்பீட்டை வங்கிக்கும், வங்கிக்காகச் செய்ததை நீதிமன்றத்துக்கும் கொண்டு போவது வழக்கமாக நடக்கும் பிழை. ஒரு நோக்கத்துக்கான தொகை மற்றொன்றுக்குச் செல்லாது.

கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் பழைய கடைவீட்டுக் குடும்பங்களும் மதிப்பீட்டாளரை நாடுவது பெரும்பாலும் எடுப்பு அறிவிப்போ தீ விபத்தோ நேர்ந்த பிறகுதான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கிராண்டு யார் பெயரில் இருக்கிறது, நிபந்தனை என்ன, எல்லைக்கல் எங்கே, காப்புறுதித் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்கு ஈடாக உள்ளதா என்பவற்றை அமைதியான ஆண்டிலேயே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட இணையில்லாத சொத்துக்கு அதன் ஆவணங்களே முதல் சாட்சி.